விழுந்த மரத்தில் முளைத்த காளான்: எதைப் பார்த்து அடையாளம் காண்பது?

எங்கள் கொல்லையில் ஒரு மாமரம் விழுந்து கிடக்கிறது. நாலு நாள் அடைமழை பெய்து ஓய்ந்ததும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். ஒரே கட்டையில் நாலைந்து வகைக் காளான்கள் முளைத்திருக்கும். எல்லாவற்றையும் ‘நாய்க்குடை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுமை இருந்தால் யாரும் வகை பிரிக்கலாம்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், செல்போன், சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி. கட்டையைத் தொடுவதற்கு முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். தேளும் பூரானும் அங்கேதான் குடியிருக்கும்.

படி 1: முதலில் கட்டை

என்ன மரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உளுத்த இடத்தில் கொஞ்சம் பிய்த்துப் பாருங்கள். வெளுத்து நார்நாராக வந்தால் அது வெள்ளை அழுகல். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையே அந்தப் பூஞ்சை சிதைக்கிறது. பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, தேய்த்தால் பொடியானால் பழுப்பு அழுகல். அங்கே மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸ் போய், லிக்னின் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

படி 2: அடிப்பக்கம்

புதிதாகப் பார்ப்பவர்கள் மேல்நிறத்தை நம்பி ஏமாறுவார்கள். நனைந்தால் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். அடிப்பக்கம் அப்படி ஏமாற்றாது. கண்ணாடியைக் காளானுக்குக் கீழே நீட்டினால் பறிக்காமலே பார்த்துவிடலாம். செவுள் போன்ற மடிப்புகளா, ஊசியால் குத்தியது போன்ற துளைகளா, ஒன்றுமில்லாமல் வழவழவென்று இருக்கிறதா? பாதி வேலை இதிலேயே முடிந்தது.

படி 3: ஒன்றை நெருங்கிப் பாருங்கள்

சைசோபில்லம் கம்யூன் என்ற காளானிலிருந்து தொடங்குங்கள். அன்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு. நகத்தளவு முதல் நாலு சென்டிமீட்டர் வரை, சின்ன விசிறி மாதிரி, காம்பே இல்லாததுபோல் ஒட்டியிருக்கும். மேலே சாம்பல் வெள்ளையில் பூனைமயிர். அடியில் லென்ஸை வையுங்கள்: ஒவ்வொரு செவுளும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் அந்தப் பிளவுகள் சுருண்டு மூடிக்கொள்ளும். காய்ந்த ஒன்றின்மேல் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருங்கள், மெல்ல விரியும். இதை முதன்முதலில் பார்த்த அன்று நான் கட்டையை விட்டு எழவே இல்லை.

படி 4: மற்றவற்றோடு ஒப்பிடுங்கள்

பழுப்பாக, கொழகொழவென்று, தொட்டால் நம் காதுமடல் போலவே இருந்தால் ஆரிக்குலேரியா. ஆரஞ்சு சிவப்பில் பளிச்சென்ற தட்டு, அடியிலும் அதே நிறத்தில் துளைகள் என்றால் பிக்னோபோரஸ். கரியுருண்டை போல் கெட்டியாக இருந்து, வெட்டினால் உள்ளே வளையம் வளையமாகத் தெரிந்தால் டால்டினியா.

வார்னிஷ் பூசியது போன்ற மேல்புறமும், நகத்தால் கீறினால் பழுப்பாகும் வெளிறிய அடிப்புறமும் இருந்தால் பெரும்பாலும் கனோடெர்மா. விழுந்த கட்டையில் இருப்பதை நிதானமாக ரசிக்கலாம். உயிரோடு நிற்கும் தென்னையின் அடியில் கண்டால் உடனே வேளாண் அலுவலரைக் கூப்பிடுங்கள். தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணம் இந்த இனம்தான். 1952 புயலுக்குப் பின் அங்கே தென்பட்டதால் அந்தப் பெயர்.

படி 5: வித்துத்தூள்

காளான் பரவுவதற்காக அடிப்பக்கத்திலிருந்து உதிர்க்கும் நுண்ணிய தூள்தான் இது. செவுள் உள்ள காளானுக்கு இதைப் பார்ப்பது அவசியம். தொப்பியைப் பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் கவிழ்த்து, டம்ளரால் மூடி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் தூள் படிந்திருக்கும். அதன் நிறத்தை எழுதிக்கொள்ளுங்கள். சொந்தத் தோட்டத்தில் மட்டும் பறியுங்கள், காப்புக்காட்டில் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த அளவு அடையாளத்தை வைத்து எதையும் சமைக்காதீர்கள். நச்சுக் காளானும் நல்லதும் ஒன்றுபோலவே இருக்கும், வேகவைத்தாலும் பல நஞ்சுகள் போகாது.

பெயர் பிடிபடாவிட்டால் மேல்புறம், அடிப்புறம், முழுக் கட்டை என்று மூன்று படங்களை, உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போடுங்கள். அடிப்புறப் படம் இல்லாமல் போட்டால், வருகிற முதல் கேள்வி அதைப் பற்றித்தான் இருக்கும்.