எமர்ஜென்சி காலத்து (1975-77) குடும்பக் கட்டுப்பாட்டுச் செய்திகளைப் படிப்பது எப்படி?

எங்கள் அப்பா கோபிசெட்டிபாளையம் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். 1976இல் மேலதிகாரி ஒருவர், மூன்று பேரையாவது ஆபரேஷனுக்குக் கூட்டி வந்துவிட்டுச் சம்பளம் கேளுங்கள் என்றாராம். "பங்காளி ஊட்டுல போயி இதை எப்படிங்க கேக்கறது?" என்று அப்பா கடைசிவரை புலம்புவார். அந்த வருடத்துப் பேப்பர்களை நூலகத்தில் புரட்டினால், முகாம், சாதனை, இலக்கு என்றுதான் இருக்கிறது. புலம்பல் எங்கே போயிற்று என்று தேடியதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

பைண்டு வால்யூமை முதல் பக்கத்திலிருந்து புரட்டாதீர்கள், தூக்கம்தான் வரும். தேதிகளைக் குறித்துக்கொண்டு போங்கள்: 1975 ஜூன் 26, எமர்ஜென்சியோடு பத்திரிகைத் தணிக்கை வந்தது. 1976 ஜனவரி 31, திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. ஏப்ரல் 16, கட்டாயக் கருத்தடைக்கு மாநிலங்கள் சட்டம் போடலாம் என்று மத்திய அமைச்சர் கரண் சிங் அறிவித்தார். ஆகஸ்டில் மகாராஷ்டிரம் அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியது, அது சட்டமாகவில்லை. ஒவ்வொரு தேதிக்கும் முன்னே ஒரு வாரம், பின்னே ஒரு வாரம் படித்தால் போதும்.

அப்புறம், எந்தச் சொல்லைத் தேடுவது என்பது. 1930களில் 'கர்ப்பத்தடை' என்று தேடுங்கள். எழுபதுகளில் 'குடும்பக் கட்டுப்பாடு'. 1977க்குப் பிறகு அரசே பெயரைக் 'குடும்ப நலம்' என்று மாற்றிக்கொண்டது. அந்தப் பழைய பெயர் அவ்வளவு கெட்டுப்போயிருந்தது.

எமர்ஜென்சிப் பேப்பருக்குப் போகும் முன் 'குடி அரசு' படித்துவிடுங்கள். 1925இல் நம் ஈரோட்டில் தொடங்கிய ஏடு. கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியாரும்தான் வாதாடினார். ஆனால் நாட்டின் ஜனத்தொகையைக் காட்டி அல்ல. பிள்ளைப்பேறு பெண்ணின் விடுதலையைத் தடுக்கிறது என்பதற்காக. அதைப் படித்த கையோடு 1976க்கு வந்தால் வித்தியாசம் முகத்தில் அடிக்கும். நான் நோட்டில் ஒரு கோடு கிழித்து, செய்தியில் யார் பேசுகிறார் என்று பென்சிலால் புள்ளி வைப்பேன். அமைச்சர், கலெக்டர், டாக்டர் பக்கம் புள்ளியாக நிறையும். ஆபரேஷன் செய்துகொண்டவர் பக்கம் காலியாகவே கிடக்கும்.

இல்லாத செய்தியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். 1975 ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்தையே வெற்றிடமாக விட்டது. அது கண்ணுக்குத் தெரியும். 1976 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்து முசாபர்நகரில் கட்டாயக் கருத்தடையை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. அந்த வாரப் பேப்பரை எடுத்துத் தேடிப் பாருங்கள், பிறகு தணிக்கை போனபின், 1977 ஏப்ரலுக்கு மேல் வந்தவற்றைப் பக்கத்தில் வையுங்கள். பல பேப்பர்களில் ஒரே வாசகம் வந்தால் குழம்ப வேண்டாம். நான்கு செய்தி நிறுவனங்களை 1976இல் ஒன்றாக்கி 'சமாச்சார்' என்று வைத்திருந்தார்கள்.

எண்களையும் இரண்டு தடவை படிக்க வேண்டும். 1976-77இல் நாடு முழுக்க சுமார் 82 லட்சம் பேருக்குக் கருத்தடை. முந்தைய ஆண்டில் 26 லட்சத்துச் சொச்சம். எமர்ஜென்சியில் சாதனையாகச் சொல்லப்பட்ட கணக்கு, எமர்ஜென்சி அத்துமீறல்களைப் பிறகு விசாரித்த ஷா கமிஷனில் குற்றச்சாட்டாக வந்து நின்றது.

சரி, கடைசியாக 1977 மார்ச் மாதம் முழுவதையும் படித்துவிடுங்கள். அந்த மாதம் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. இங்கே காங்கிரஸ், அதிமுக கூட்டணி அள்ளியது. வடக்கத்தி சேதி இங்கே சரியாக வந்து சேராததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அப்பாவிடம், "நீங்க யாருக்குப் போட்டீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். காட்டுக்குத் தண்ணி கட்டப் போகணும் என்று எழுந்து போய்விட்டார்.