அறிவிப்பு செய்யும் முன் ஒப்புதல் படிவத்தைப் படியுங்கள்

அமெரிக்காவில் மருந்து ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். "பாஸ்டர், எங்கள் ஆய்வுக்கு ஆள் தேவை, ஆராதனை முடிந்ததும் ஒரு சின்ன அறிவிப்பு மட்டும்" என்று எங்களைப் போன்றவர்கள் வந்து கேட்டால் உடனே சரி சொல்லிவிடாதீர்கள். இமாம்களுக்கும் கோயில் நிர்வாகிகளுக்கும் இதேதான்.

முதலில், மருந்து ஆய்வு என்றாலே மக்களுக்கு வரும் பயம் நியாயமானது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அலபாமாவின் டஸ்கீகீயில் 1932 முதல் 1972 வரை, ஆய்வு என்ற பெயரில், சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களிடம் 'கெட்ட ரத்தம்' என்று சொல்லிவிட்டு, அதைக் குணமாக்கும் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காமல் வைத்திருந்தது அரசின் சுகாதாரத் துறை. "அதெல்லாம் பழைய கதை" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் 1974-இல் ஆய்வில் சேருகிறவர்களைக் காக்கச் சட்டம் வந்தது, ஆய்வைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயமானது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆய்வில் சேருகிறவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தை வாங்கி நாலு பேரோடு உட்கார்ந்து படியுங்கள். நேராக 'பாதிப்பு ஏற்பட்டால்' என்ற பகுதிக்குப் போங்கள். "சிகிச்சை அளிக்கப்படும்" என்று படித்ததும் மனம் ஆறிவிடும். செலவை உங்கள் காப்பீட்டிடம் கேட்போம் என்பது சில படிவங்களில் அதற்கடுத்த வரியில் இருக்கும். காப்பீடே இல்லாதவருக்கு பில் எங்கே போகும்? ஆய்வாளரிடம் எல்லோர் முன்னாலும் கேளுங்கள். திணறினால் திணறட்டும். "விசாரித்துச் சொல்கிறேன்" என்று போனவர் பதிலோடு திரும்பி வந்தால், அவரை நம்பலாம் என்பேன்.

ரத்த மாதிரி வேறு எதற்கெல்லாம் போகும் என்றும் கேளுங்கள். அரிசோனாவின் ஹவாசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தம் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கும் போனது; வழக்கு சமரசமானது 2010-இல்.

ஆள் சேர்க்கத் தலைக்கு இவ்வளவு என்று பணம் நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள்.

பெயர் எழுதும் தாளை வழிபாட்டுக் கூடத்தில் வைக்க விடாதீர்கள். உங்கள் முகத்துக்காகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறைய. தொலைபேசி எண்ணை மட்டும் கொடுங்கள், வீட்டில் யோசித்துவிட்டு அழைக்கட்டும். யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்பது உங்களுக்குத் தெரியவே கூடாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சைக்குப் பங்கம் வராது என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். நாங்கள் சொல்வதைவிட அது எடுபடும்.

ஆய்வு முடிந்ததும் முடிவை நேரில் வந்து சொல்வதாக முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். மருந்து பலிக்கவில்லை என்றாலும் வர வேண்டும்.