அக்கூஸ்டிக் கிட்டாரை ஆம்பில் செருகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேபிளைச் செருகியாயிற்று. வருகிற சத்தம் பிடிக்கவில்லை. உடனே கை ஈக்யூ (அடி, நடு, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும்) குமிழ்களுக்குப் போகிறது. புதிதாக மேடையேறும் எவரைப் பார்த்தாலும் இதே கதைதான். ஸ்ருதி சேராதது, கேபிள் பழுது மாதிரியான பிழைகள் கேட்டவுடன் தெரிந்துவிடும்; அவற்றை விட்டுவிடலாம். கோளாறு ஓரிடத்திலும் அறிகுறி வேறிடத்திலும் இருப்பவைதான் ஆளை அலைக்கழிக்கும்.

பேசிவ் பிக்கப்பை லைன் இன்புட்டில் செருகுவது

ஸ்ட்ரிங்குகள் உட்காரும் சாடிலுக்கு அடியில் மெல்லிய பட்டையாகக் கிடந்து, அதிர்வை மின் சிக்னலாக்கும் பீசோ பிக்கப்பின் கம்பி நேராக ஜாக்குக்கு வந்தால் அது பேசிவ். நடுவில் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பிரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும் சிறு சர்க்யூட்) இருந்தால் ஆக்டிவ். பக்கவாட்டில் ஸ்லைடர்கள் இல்லையே என்று பேசிவ் என முடிவுகட்ட வேண்டாம். சில கிட்டார்களில் பிரீஆம்ப், எண்ட்பின் (கிட்டாரின் அடிமுனை) ஜாக்கோடு சேர்ந்து உள்ளேயே இருக்கும். பேட்டரியும் உட்புறம் ஒரு பைக்குள் இருக்கும். சவுண்ட் ஹோலுக்குள் கைவிட்டுத் துழாவினால் அகப்பட்டுவிடும்.

பேசிவ் பீசோ, மின்கணக்கில் ஒரு சிறு கெபாசிட்டர். எந்த இன்புட்டில் செருகினாலும் அந்த இன்புட்டின் இம்பீடன்ஸோடு (மின் எதிர்ப்போடு) சேர்ந்து ஹை-பாஸ் ஃபில்டராக மாறி, கீழ் அலைவரிசைகளை வெட்டும். பிக்கப் 1 நானோஃபாரட், 5 மீட்டர் கேபிள் இன்னொரு 0.5 என்று வைத்துக்கொண்டால்:

10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் (கீபோர்டு போன்ற கருவிகளுக்கானது) சுமார் 10,600 ஹெர்ட்ஸிலேயே தொடங்கி, அதற்குக் கீழெல்லாம் வெட்டுப்படும்.
1 மெகா ஓம் இன்புட்டில் சுமார் 106 ஹெர்ட்ஸ்.
10 மெகா ஓமில் சுமார் 11 ஹெர்ட்ஸ். காதுக்கே எட்டாத இடம்.

கிட்டாரின் அடி ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ். ஆகவே லைன் இன்புட்டில் கிட்டாரின் உடம்பு முழுவதுமே வெட்டுப்பட்டு, தகரத்தில் தட்டுவது போன்ற கீச்சொலிதான் மிஞ்சும். 200 ஹெர்ட்ஸில் இழப்பு ஏறக்குறைய 34 டெசிபல். மிக்ஸரின் லோ (பேஸ்) குமிழை முழுக்கத் திருப்பினாலும் பெரும்பாலும் 15 டெசிபல்தான் கிடைக்கும். கூடவே மின் இரைச்சலும் எழும்பி வரும்.

அதற்குப் பிறகு நடப்பது எப்போதும் ஒரே வரிசை. வாசிப்பவர் பேஸை ஏற்றுவார். போதாமல் கெயினை (இன்புட்டின் பெருக்கத்தை) ஏற்றுவார். இரைச்சலுக்குக் கேபிளைத் திட்டி மாற்றுவார். புது ஸ்ட்ரிங் போடுவார். கடைசியில் நல்ல பிக்கப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பிரீஆம்ப் வைத்த வேறொன்றை வாங்கிப் பொருத்துவார். சத்தம் சரியாகிவிடும். சரி செய்தது அந்த பிரீஆம்பின் இன்புட்தான். அவரோ பழைய பிக்கப் மட்டம் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிவார். எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

தீர்வு எளிது. மிக்ஸரில் ஹை-இசட் அல்லது இன்ஸ்ட்ருமென்ட் என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் 1 மெகா ஓமுக்குக் குறையாத இன்புட் உள்ள ஆக்டிவ் டிஐ பாக்ஸோ (கருவியை மிக்ஸரோடு இணைக்கும் சிறு பெட்டி) அக்கூஸ்டிக் பிரீஆம்ப் பெடலோ நடுவில் வையுங்கள். கிட்டாரிலிருந்து வரும் கேபிள் முதலில் தொடும் பெட்டியின் இன்புட்தான் கணக்கு. அதற்குப் பின்னால் எது இருந்தாலும் பேஸ் திரும்பி வராது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பேசிவ் டிஐ இதற்கு உதவாது. அதன் இன்புட் பொதுவாக 140 கிலோ ஓம் அளவில் இருக்கும். மேற்படி கணக்கில் வெட்டு 760 ஹெர்ட்ஸ் அருகே விழும். பிரீஆம்ப் உள்ள கிட்டாருக்கு அதே பேசிவ் டிஐ அருமையாகப் பொருந்தும்.

ஸ்லைடர்களையெல்லாம் மேலே தள்ளுவது

9 வோல்ட் பிரீஆம்புக்குத் தாங்கும் எல்லை உண்டு. வால்யூம் முழுக்க, பேஸ் முழுக்க வைத்துப் பலமாக ஸ்ட்ரம் செய்தால் சத்தம் கிட்டாருக்குள்ளேயே உடையும். மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியாது, கெயினைக் குறைத்தாலும் போகாது. ஈக்யூவை நடுவில் வைத்து, வால்யூமை முக்கால் அளவில் நிறுத்தி, நீங்கள் அடிக்கக்கூடிய மிகப் பலமான ஸ்ட்ரம்மை வைத்து மிக்ஸரின் கெயினைச் சரிசெய்யுங்கள்.

மிட்டை முழுக்கப் பள்ளமாக்குவது

பேஸும் டிரெபிளும் மேலே, மிட் (நடு ஒலி) கீழே. தனியாக, மெல்லிய வால்யூமில் இது இனிக்கும், ஏனென்றால் குறைந்த சத்தத்தில் காது பேஸைக் குறைவாகவே கேட்கும். அதே அமைப்பை மேடை வால்யூமுக்கு ஏற்றினால் அடியில் குமுறும், டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் உங்கள் கிட்டார் காணாமல் போகும். பீசோவின் அந்தப் பிளாஸ்டிக் ஒலி பெரும்பாலும் 1 முதல் 3 கிலோ ஹெர்ட்ஸுக்குள் குறுகிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். பாராமெட்ரிக் மிட் (அலைவரிசையை நகர்த்தக்கூடிய மிட் குமிழ்) இருந்தால், அதை ஏற்றியபடி அலைவரிசையை மெல்ல நகர்த்துங்கள். மிக அசிங்கமாகக் கேட்கும் இடத்தில் 3 அல்லது 4 டெசிபல் குறைத்தால் போதும்.

ஃபீட்பேக் வந்ததும் பேஸை மொத்தமாக வெட்டுவது

ஸ்பீக்கர் ஒலி கிட்டாரை மீண்டும் அதிரவைத்து ஊளையிடுவதுதான் ஃபீட்பேக். ஊளையிடுவது பொதுவாக ஒரே ஒரு ஸ்வரம். பெரிய உடம்புள்ள கிட்டாரில் உள்காற்று 100 ஹெர்ட்ஸ் அருகிலும், மேற்பலகை 200 ஹெர்ட்ஸ் அருகிலும் அதிரும். மேடை வால்யூமில் ஆறாவது, ஐந்தாவது ஸ்ட்ரிங்குகளில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்து, எது தானாகப் பொங்குகிறதோ அதைக் கண்டுபிடியுங்கள். நாட்ச் ஃபில்டரை (ஒரு குறுகிய அலைவரிசையை மட்டும் குறைப்பது) அங்கே வைத்து 6 டெசிபல் குறைப்பில் தொடங்குங்கள். ஃபேஸ் (சிக்னலைத் தலைகீழாக்கும்) பொத்தானை இரு நிலையிலும் கேட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர் இருக்கும் தூரம் மாறினால் சரியான நிலையும் மாறலாம். சவுண்ட் ஹோல் மூடி உள்காற்றை அடக்கும். பலகையின் 200 ஹெர்ட்ஸை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு ஸ்ட்ரிங் மட்டும் மந்தமாக இருக்க, ஈக்யூவைத் திருகுவது

சாடிலின் அடிப்பக்கம் சமமில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஆக்‌ஷனைக் (ஸ்ட்ரிங்குகளின் உயரத்தைக்) குறைக்க அதைத் தேய்த்த பிறகு இது அடிக்கடி வரும். தட்டையான பரப்பில் மணல் தாள் ஒட்டி, சாடிலைச் செங்குத்தாகப் பிடித்து மீண்டும் தேய்க்க வேண்டும்.

எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்பில் செருகுவது

அதில் ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) கிடையாது. 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

பேட்டரி

பெரும்பாலான கிட்டார்களில் கேபிள் செருகியிருக்கும்வரை பிரீஆம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள்.