கிளை அஞ்சலகச் சம்பளம்: கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அஞ்சல் ஊழியர் சம்பளம் என்றதும் எல்லோரும் ஊதியக் குழுவைப் பற்றிப் பேசுகிறோம். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தை நடத்தும் கிளை அஞ்சல் அதிகாரிக்கு, அதாவது பி.பி.எம்.முக்கு, 7-வது ஊதியக் குழு பொருந்தவே இல்லை. அவரைப் போன்ற கிராம அஞ்சல் ஊழியர்களுக்கென்று (ஜி.டி.எஸ்.) தனியாகக் கமலேஷ் சந்திரா குழு அமைத்தார்கள். அதன்படி 2018 ஜூலையிலிருந்து பி.பி.எம்.முக்கு ஆரம்பத் தொகை தினம் 4 மணி நேர வேலைக்கு மாதம் 12,000 ரூபாய், 5 மணி நேரத்துக்கு 14,500. அகவிலைப்படி தனி. மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு அடிப்படை ஊதியம் 18,000.

மணிக்கணக்கில் பார்த்தால் இது குறைவில்லையே என்பார்கள். அந்த 4 மணி நேரம் நிஜமாகவே 4 மணி நேரம் என்றால் சரிதான். பெரிய தவறே இங்கேதான் நடக்கிறது. வேலையைப் பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கிறோம். முதியோர் உதவித்தொகை வாங்க ஒரு பாட்டி வருகிறார். களை பறித்தே தேய்ந்த விரல், ரேகை பதியவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறார். அடுத்த விரல். அதற்குள் சிக்னல் போய்விடுகிறது, பி.பி.எம். கருவியோடு வாசலுக்கு ஓடுகிறார். அரை மணி நேரம் கழித்துப் பணம் கைக்கு வருகிறது. கணக்கில் அது ஒரே ஒரு பரிவர்த்தனை!

‘அவருக்கு வேறு வருமானம் இருக்குமே’ என்பது அடுத்த தவறு. வேறு பிழைப்பு இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அலுவலகத்துக்கு இடமும் அவரே கொடுக்க வேண்டும். பலருக்கு அது வீட்டு முன்னறைதான். மேஜை, முத்திரை, பணப்பெட்டி எல்லாம் அங்கேதான். பூட்டிவிட்ட பிறகும் ஊரார் கதவைத் தட்டுவார்கள். ‘நேரம் முடிந்தது’ என்று யாரிடம் சொல்வது? சம்பளத்தை வேலைக்காகத் தர வேண்டும். வயல் இருக்கிறதா என்று பார்த்துக் குறைப்பது நியாயமே இல்லை.

கிளையின் வருமானத்தை வைத்து அளப்பதும் தவறு. லாபம் வராத ஊருக்கும் தபால் போக வேண்டும் என்பதற்காகத்தானே அதைத் திறந்தார்கள்.

இவர்கள் தற்காலிகக் கூலிகள் என்ற எண்ணத்தையும் விட வேண்டும். இது அரசின் சிவில் பதவிதான் என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே ராஜம்மா வழக்கில் சொல்லிவிட்டது.

அப்புறம் ஒன்று. கடைநிலை ஊழியரின் அந்த 18,000 ரூபாயை ஒரு குடும்பத்தின் சாப்பாடு, துணிமணிச் செலவை வைத்துக் கணக்கிட்டார்கள். பி.பி.எம்.முக்குக் கடிகாரத்தைப் பார்க்கிறோம். கடிகாரம்தான் அளவுகோல் என்றால், வாசலில் சிக்னலுக்காக நின்ற நேரத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.