மானிடவியல் அரியர்: மாமா முறையில் மாட்டிய கதை

மானிடவியல் தாளில் 34 வாங்கி அரியர் விழுந்தது, மொத்த அடியும் உறவுமுறைப் பகுதியில். வட அமெரிக்கப் பூர்வகுடிகளான இரோக்குவா மக்கள் உறவுகளை வகைப்படுத்தும் முறையும், நம்முடைய திராவிட முறையும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. நோட்ஸை மூன்று தடவை மனப்பாடம் செய்தேன், யூடியூப் பார்த்தேன், ஒரு வாரம் போனதுதான் மிச்சம்.

அப்புறம் ஆணுக்கு முக்கோணமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டு என் வீட்டு உறவுகளையே வரைந்தபோதுதான் பிடிபட்டது. அத்தை மகன், மாமன் மகன் வரை இரண்டும் ஒத்துப்போகும், இன்னும் ஒரு படி தள்ளிப் போனால்தான் பிரியும். அப்பாவின் அத்தை மகன் நமக்கு மாமா, அவர் மகள் முறைப்பெண். இரோக்குவாவில் அவரும் அப்பா முறைதான், மகள் அக்காவோ தங்கையோ. (1871இல் உறவுமுறை ஆய்வின் முன்னோடியான அமெரிக்க மானிடவியலாளர் மார்கனே இரண்டையும் ஒரே முறையாகத்தான் பார்த்தார், அதனால் எனக்குப் பெரிய வெட்கமில்லை.)

மறுதேர்வில் 61.