பழைய ஷாட்கன்னில் சோக்கைக் கழற்றுவதற்கு முன்

போன மாதம் நண்பர் ஒருவர் தன் பழைய ஷாட்கன், வின்செஸ்டர் மாடல் 12-ஐத் தூக்கிக்கொண்டு வந்தார். குழல் முனையில் பாலி-சோக், அதாவது ரவை எவ்வளவு அகலமாகச் சிதற வேண்டும் என்பதைத் திருகி மாற்றுவதற்காகப் பிற்பாடு மாட்டிய குமிழ். அதைச் சுற்றிப் பைப் ரெஞ்சின் பல் பதிந்த தடம். "வைஸ்ல பிடிச்சு ஒரே திருகு, வந்துரும்னு பார்த்தேன்ணே" என்றார். வயிறு எரிந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்தேன், அதுவும் இன்னொரு மாடல் 12-இல்.

உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம்.

முத்திரையை நம்புவது

அமெரிக்காவில் பழைய மாடல் 12 வாங்குகிற பலருக்கும் ஒரு கனவு உண்டு: அசிங்கமான அந்தக் குமிழைக் கழற்றிவிட்டால் அடியில் பழைய பேரல் (குழல்) அப்படியே இருக்கும் என்று. பேரலின் பின்பக்கம் 'ஃபுல்' (இறுக்கமான சோக்) என்று முத்திரை வேறு இருக்கும். ஆனால் சோக் என்பது முனையில் இருக்கிற கடைசி இரண்டு மூன்று அங்குலக் குறுகல்தான். 12 கேஜ் குழலின் துளை 18.5 மி.மீ. என்றால் ஃபுல் சோக்கில் அது ஏறத்தாழ 1 மி.மீ. குறையும். பாலி-சோக் வைத்தவர் முதலில் செய்த வேலையே அந்த முனையை அறுத்துப் போட்டதுதான். முத்திரை சொல்லும் சோக் எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும்.

வைஸும் பைப் ரெஞ்சும்

இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

ஷாட்கன் பேரல் பார்ப்பதற்கு இரும்புக் குழாய் மாதிரி இருக்கும். ஆனால் முனைக்கு அருகே சுவரின் தடிமன் பல துப்பாக்கிகளில் 1 மி.மீ.கூட இருக்காது. அதை வைஸ் தாடையில் கொடுத்து இறுக்கினால் சத்தமே இல்லாமல் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். நான் துணியைச் சுற்றித்தான் பிடித்தேன். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. சோக்கும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன், ரெஞ்சின் பிடியில் ஒரு குழாயைச் செருகி நீட்டிக்கொண்டேன், உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டுத் தள்ளினேன். சுழன்றது சோக் இல்லை, தாடைக்குள் இருந்த பேரல்.

அன்று சாயங்காலம் பேரலைத் தனியாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நல்ல குழலுக்குள் வெளிச்சம் வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டமாகத் தெரியும். என்னுடையதில் ஓர் இடத்தில் மட்டும் வளையங்கள் நசுங்கி, பாதாம்பருப்பு மாதிரி நீண்டிருந்தன. புதுப் பேரலுக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு துப்பாக்கியே வாங்கியிருக்கலாம்.

அது ஏன் அசையவில்லை தெரியுமா? மரையோடு ஈயப்பற்றும் வைத்திருந்தார்கள். சிலர் வெறும் மரை போடுவார்கள், சிலர் பற்று மட்டும், சிலர் இரண்டும். எது பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் பலத்தைக் காட்டினால் எப்போதும் தோற்பது பேரல்தான். துருவை இளக்கும் பெனட்ரேட்டிங் ஆயிலை எத்தனை நாள் ஊற்றினாலும் ஈயம் கரையாது.

பிடிக்கத்தான் வேண்டும் என்றால், பேரலின் அளவுக்கே துளையிட்டு, அந்தத் துளையின் நடுவே இரண்டாக அறுத்த கடின மரக்கட்டைக்குள், சுவர் தடிமனாக இருக்கும் பின்பகுதியைக் கொடுத்துப் பிடியுங்கள். வழுக்கினால் மரத்தில் கொஞ்சம் குங்கிலியப் பொடி தூவுங்கள், வைஸை இறுக்காதீர்கள்.

கணக்கில்லாமல் தீ காட்டுவது

முதலில் பாலி-சோக்கின் வெளியே சுழலும் உறையான ஸ்லீவையும் உள்ளே விரல்விரலாகப் பிளந்திருக்கும் கொலெட்டையும் கழற்றிவிட்டு, மிச்சமிருக்கும் உடல் பகுதிக்கு மட்டும் சூடு காட்டுங்கள். சாதாரண ஈயப்பற்று 190 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இளகத் தொடங்கும். ஓரத்தில் ஒரு இடத்தைப் பளபளவென்று தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது வைக்கோல் நிறத்துக்கு வந்தால் 220-ஐ ஒட்டிவிட்டது, நீலமானால் 300. நீலம் வந்தும் அசையவில்லையா, நிறுத்துங்கள். வைத்தவர் வெள்ளிப்பற்று போட்டிருக்கலாம். அது உருக 600-க்கு மேல் வேண்டும், வீட்டு டார்ச்சுக்கான வேலை இல்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஈயப் புகை நல்லதல்ல.

ஸ்லீவ் இல்லாமல் சுட்டுப் பார்ப்பது

கொலெட்டின் விரல்கள் விரிந்துவிடும். வேண்டாம்.

பற்று வைத்தபின் ஹாட் ப்ளூவிங்

இரும்புக்குக் கருநீலப் பூச்சு ஏற்றும் சூடான தொட்டியில் இருக்கும் காரம் ஈயத்தைத் தின்றுவிடும்.

வெளிப்பக்கத்தை வைத்து நேர் பார்ப்பது

திரும்ப மாட்டும்போது சோக் பேரலின் வெளிப்பரப்போடு ஒட்டி நின்றால் போதும் என்று நினைக்கிறார்கள். பழைய பேரல்களில் துளையும் வெளிப்பரப்பும் ஒரே மையத்தில் இருப்பது அதிர்ஷ்டம். துளைக்கு இறுக்கமாகப் பொருந்துகிற பித்தளைத் தடி ஒன்றைக் கடைந்து, பேரலுக்குள்ளும் சோக்குக்குள்ளும் சேர்த்துச் செருகிக்கொண்டு பற்று வையுங்கள். தடியில் பென்சில் கிராஃபைட் நன்றாகத் தடவுங்கள், இல்லாவிட்டால் தடியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். நான் ஒட்டியிருக்கிறேன்.

தாளில் சுடாமல் வேட்டைக்குக் கிளம்புவது

40 கஜத்தில் பெரிய தாள் கட்டி, ரவை அடர்ந்து விழுந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். மொத்த ரவையில் ஃபுல்லில் 70 சதவீதம், அதைவிடத் தளர்வான மாடிஃபைடில் 60 வட்டத்துக்குள் விழ வேண்டும் என்பது பழைய கணக்கு. அதைவிட முக்கியம், வட்டம் குறிவைத்த இடத்தில் விழுகிறதா என்பது. வாத்து வேட்டைக்காரர்களுக்கு ஒன்று: 1991-இலிருந்து அமெரிக்கா முழுவதும் வாத்துக்கு ஈய ரவை கூடாது. எஃகு ரவை ஈயம் மாதிரி நசுங்கிக் கொடுக்காது. அதைப் போட்டுவிட்டுப் பழைய சோக்கை இறுக்கமான பக்கம் திருப்பி வைக்காதீர்கள்.

நண்பருடைய பேரலையும் ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். வளையங்கள் வட்டமாகவே இருந்தன. ரெஞ்சைக் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.