ஒளிரும் கடல் நத்தையை இனங்கண்டு விவரிப்பது எப்படி?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடல் அட்டை என்று நாம் சொல்வது நட்சத்திர மீனின் உறவுக்கார உயிரி. இங்கே பேசப்போவது ஓட்டைத் துறந்த கடல் நத்தைகளைப் பற்றி.

1. ஒளி அதனுடையதுதானா?

இணையத்தில் 'ஒளிரும் நத்தை' என்று சுற்றிவரும் படங்களில் பல வெறும் பளிச்சென்ற நிறங்களே. கிளாக்கஸ் அட்லாண்டிகஸ் என்ற கடல் நத்தையின் நீலமும் அப்படித்தான். நத்தையைக் கடல்நீர்க் கிண்ணத்தில் விட்டு, எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். கண்கள் இருளுக்குப் பழகக் கால் மணி நேரமாவது ஆகும், அவசரப்படாதீர்கள். பிறகு மென்மையான தூரிகையால் மெல்லத் தொடுங்கள். இருட்டில் தானாகவே வெளிச்சம் வந்தால் அது உயிரொளி. நீல டார்ச் அடித்தால் மட்டும் மின்னுகிறதென்றால், வாங்கிய ஒளியைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான்.

2. எங்கே, எப்படி ஒளிர்கிறது?

என்னைக் கேட்டால், தொடக்கநிலையினர் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். 'ஒளிர்ந்தது' என்று மட்டும் எழுதிவைத்தால் யாருக்கும் பயனில்லை. உடலின் கோட்டுப்படம் வரைந்து ஒளி வந்த இடங்களைக் குறியுங்கள். நிறத்தையும் எத்தனை வினாடி நீடித்தது என்பதையும் எழுதுங்கள். பிளோகமோஃபெரஸ் பேரினத்தில் முதுகிலுள்ள உருண்டை நுனி நீட்சிகள் ஒளிரும். ஒளிரும் இன்னொரு பேரினமான ஃபில்லிரோ, மீன்போல் தட்டையான, கண்ணாடி உடலை நெளித்து நீந்துவது. ஆழ்கடலின் பாத்திடெவியஸ் காடாக்டிலஸோ, வாலிலுள்ள விரல்போன்ற ஒளிரும் நீட்சி ஒன்றைக் கழற்றி விட்டுவிட்டு, பல்லி வாலை உதிர்ப்பதுபோல எதிரியிடமிருந்து தப்பும்.

3. உயிரோடு இருக்கும்போதே படமெடுங்கள்

பதப்படுத்தினால் நிறம் போய்விடும். மேல், பக்கம், அடி என மூன்று கோணங்களிலும் அளவுகோலை அருகில் வைத்து எடுங்கள். தலையின் மோப்பக் கொம்புகள், செவுள்கள், முதுகு நீட்சிகள் ஆகியவற்றின் வடிவத்தையும் எண்ணிக்கையையும் குறியுங்கள். எதன்மீது இருந்தது என்பதும் தடயமே: இளம் ஃபில்லிரோ சிறு ஜெல்லிமீனில் ஒட்டி வளரும்.

4. பதப்படுத்துதல்

மெக்னீசியம் குளோரைடு கரைசலில் உடலைத் தளர்த்திய பிறகே பதப்படுத்துங்கள்; இல்லாவிட்டால் சுருண்டுவிடும். டிஎன்ஏ ஆய்வுக்குச் சிறு துண்டு எத்தனாலில், உள்ளமைப்பைப் பார்க்க மீதி ஃபார்மலினில். அரம் போன்ற நாக்கான ராடுலாவின் பற்களை அனுபவசாலி ஒருவருடன் சேர்ந்து ஆராயுங்கள்.

5. புதிய இனமா?

பெரும்பாலும் இல்லை. அறியப்பட்ட எந்த இனத்தோடும் பொருந்தாவிட்டால்தான் பெயர்சூட்டும் பேச்சு. அதற்கு மூலமாதிரி (புதிய பெயருக்கு ஆதாரமாக நிற்கும் உயிரி மாதிரி) ஒன்றை அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, பிற இனங்களிலிருந்து வேறுபடுத்தும் பண்புகளோடு விவரிப்பை வெளியிட வேண்டும். மின்னிதழில் வெளியிட்டால், விலங்குப் பெயர்களைப் பதிவுசெய்யும் ஜூபேங்க் தளத்தில் பதிவதும் கட்டாயம்.

பொறுமையும் வேண்டும். அமெரிக்காவின் மான்டரே வளைகுடா மீன்காட்சியக ஆய்வு நிறுவனத்தார் பாத்திடெவியஸை 2000-இல் முதன்முதலாகக் கண்டார்கள். 150 முறைக்கு மேல் பார்த்த பிறகு, 2024-இல்தான் அந்நிறுவன ஆய்வாளர்கள் புரூஸ் ராபிசனும் ஸ்டீவன் ஹாடாக்கும் அதற்குப் பெயர் வைத்தார்கள். வகைப்பாட்டில் அதற்கென்று தனிக் குடும்பமே உருவாக்க வேண்டியிருந்தது.